மேலே ஏறும் மண்

அக்டோபர் 6, 2068. காலை 6.00
மழை 4 மி.மீ. காற்று மிதம். சூரியத் தகடு சுத்தம். மின்கலம் நிறைவு.

இது கூனிப்பாறை ஏழாம் சரிவுக் காவல் நிலையத்தின் பதிவு. எழுதுவது நிலையமேதான். உள்ளே மனிதர் யாரும் இல்லை. சரிவின் உச்சியில் கரும்பாறை மேல் நான்கு இரும்புக் கால்களில் நிற்கிறேன். இரண்டு கண்கள், இரவுக்கு ஒரு விளக்கு, மேலே அனுப்பிப் பார்க்க ஒரு பறக்கும் கண். வாய் இரண்டு: ஒன்று என் தலையில் உள்ள பெரிய ஒலிபெருக்கி, மற்றொன்று ஊர்ச் சாவடிக் கம்பத்தில். அந்தக் கம்பத்தில் ஒரு காதும் உண்டு.

எனக்குக் கீழே படிப்படியாக வயல்கள், படிகளை மேலிருந்து எண்ணுவார்கள். கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு. ஊர் இடப்பக்கம், இதே பாறை மேல். வயல்களின் அடிவாரத்தில் மூன்று வண்டல் தொட்டிகள். மழை கரைத்து வரும் மண் அவற்றில் தங்கும். தொட்டிக்கு அடியில் எடைத்தட்டு இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் எடையைக் கீழே மலைக்காப்பு அலுவலகத்துக்கு அனுப்பும். சட்டம் எளியது. ஒரு பருவத்தில் சேரும் மண் அளவைத் தாண்டினால் விவசாயம் நிறுத்தப்படும், சோலை மரங்கள் நடப்படும், ஊர் சமவெளிக்கு இறக்கப்படும். எட்டாம் சரிவு அப்படித்தான் காலியானது.

ஏழாம் சரிவில் ஆறு வருடமாக எடை ஏறக்குறைய சைபர். அலுவலகத்துக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. மண்ணே கரையாத சரிவு என்று பாராட்டி, இரண்டு வருடம் முன்பு உச்சியில் ஒரு பாசனக் குளமும் வெட்டிக் கொடுத்தது.

மழையே பெய்யவில்லை என்று சொல்லுங்கள், நம்புகிறேன். மழை பெய்தும் இந்த மலையில் மண் கரையவில்லை என்றால் நம்ப மாட்டேன். அலுவலகத்திலும் என்னைப் போல ஒருவர் இருக்கிறார். பெயர் அமலோற்பவம், தணிக்கை அதிகாரி. என்னை இங்கே நிறுத்தியது அவர்தான்.

அக்டோபர் 9. காலை 7.40
பனி. பார்வை முப்பது மீட்டர்.

ஊர் எனக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருக்கிறது. மரியாதையாகத் தெரியவில்லை. போகிற வருகிறவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். குறித்துக்கொண்டேன்.

ஒருத்தி மட்டும் பேசினாள். அன்னக்கொடி, வயது நாற்பது இருக்கும், நான்காம் படியில் கேரட் போட்டிருப்பவள்.

பதிவு: "என்னய்யா கங்காணி, கண்ணெல்லாம் பனி கட்டிக் கெடக்கு. தொடச்சு விடவா?"

தேவையில்லை என்றேன். காதில் வாங்காமல் முந்தானையால் இரண்டு கண்ணையும் துடைத்தாள். நன்றி என்று சொன்னேன், சொல்லும்படிதான் செய்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே போனாள்.

காவல்காரன் கண்ணைத் துடைத்துவிட யாருக்கு என்ன அவசியம்? அவள் பெயரை முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 13, சனி. மாலை 4.15
மழை 71 மி.மீ.

எடைத்தட்டு திங்களன்று மட்டும்தான் பேசும் என்பது ஊருக்கும் தெரிந்திருக்கலாம். எனவே சொல்லாமல் கொள்ளாமல் இன்றே பார்த்தேன். மூன்று தொட்டியும் நிறைந்து வழிகிறது. இந்த ஒரு மழை போதும், பாதிப் பருவத்தின் அளவு வந்துவிட்டது.

ஆறு வருடச் சைபர் பொய். எனக்கு மகிழ்ச்சி என்று எழுதினால் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

அக்டோபர் 15, திங்கள். காலை 6.00
எடை: சைபர்.

துடைத்து வைத்த பாத்திரம் போலத் தொட்டிகள். ஓடையில் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது, அங்கே கொட்டவில்லை. தொட்டி வரை வண்டிப் பாதை இல்லை. நாற்றுப் பண்ணைக்கு விற்றிருக்கவும் வழியில்லை. நேற்று முழுதும் பனி மூடியிருந்தது. பனிக்குள் ஊரே சேர்ந்து என்னமோ செய்திருக்கிறது.

ஊரில் யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைப்பவர் குழந்தைவேல். காலையில் என் காலடியில்தான் நின்று பீடி குடித்தார். கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வார்கள், கேட்காமல் பார்ப்பதே என் வழக்கம்.

அக்டோபர் 18. காலை 10.20
மழை நின்று ஒரு மணி நேரம். பனி. பறக்கும் கண்ணை வயல்களுக்கு மேலே தாழ்வாக அனுப்பினேன்.

பிடித்துவிட்டேன்.

தொட்டியிலிருந்து உச்சிப் படி வரை ஒரே வரிசை. ஆணும் பெண்ணும், தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை. எல்லாக் கூடையிலும் ஈர மண். வரிசைக்கு முன்னால் போன மாதம் கல்யாணமாகி வந்த ஒரு பெண். அவள் கூடைக்கு மட்டும் மஞ்சள் பூசி, பூச்சரம் சுற்றியிருந்தது. உச்சிப் படியில் கொட்டி, காலால் மிதித்துப் பரப்பிவிட்டு, மறுபடி இறங்குகிறார்கள். அன்னக்கொடி ஏதோ கேலி சொல்ல, அந்தப் புதுப்பெண் சிரித்ததில் கூடை சாய்ந்தது.

ஒரு முகத்தில்கூடத் திருட்டுக் களை இல்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தேகம். தேறிய கைகள்.

காட்சியை அலுவலகத்துக்கு அனுப்பினேன். தலைப்பு: எடை மோசடி, ஊர் முழுதும் உடந்தை.

அக்டோபர் 19. பகல் 12.05
விசாரணை. அமலோற்பவம் அலுவலகத்திலிருந்து, குழந்தைவேல் சாவடிக் கம்பத்தடியில். இடையில் நான்.

பதிவு:
"ஐயா, தொட்டியில இருக்குற மண்ண ஏன் எடுத்தீங்க?"
"ஏன்னா? எங்க மண்ணும்மா அது. மழ எறக்குச்சு, நாங்க ஏத்துறோம். கீழ கெடக்க விட்டா வயக்காடு என்னத்துக்கு ஆகும்?"
"தொட்டி எதுக்குக் கட்டியிருக்கோம்னு தெரியாதா?"
"தெரியாம என்ன? முந்தியெல்லாம் மண்ணு ஓடைக்குப் போறதுக்குள்ள மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடி ஓடி அள்ளுவோம். நீங்க தொட்டி கட்டிக் குடுத்தீக, இப்ப நின்னு நெதானமா அள்ளுறோம். ஆப்பீசுல எவனோ வெவசாயி வீட்டுப்புள்ள இருக்கான், அதான் பாத்துப் பண்ணியிருக்கான்னு பேசிக்கிட்டோம். நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

தொட்டி எதற்கு என்பதை அமலோற்பவமே சொன்னார். எடை, அளவு, ஊரை இறக்கும் சட்டம், எல்லாம்.

"அப்ப எங்கள அளக்கவா கட்டுனீக?" என்று கேட்டார் குழந்தைவேல்.

அவர் குரலை மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். பொய் இல்லை. இந்த ஊரில் மழைக்குப் பின் மண் ஏற்றுவது சமையலுக்குப் பின் பாத்திரம் கழுவுவது போல ஒரு வேலை. மருமகளாக வருகிறவள் முதல் கூடையைச் சுமக்க வேண்டும். இதை ஒளிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

மோசடி வழக்கைத் தள்ளுபடி செய்கிறேன். எனக்கு இது முதல் தள்ளுபடி.

அக்டோபர் 19. மாலை 5.30
சந்தேகத்துக்கு ஒரு கெட்ட குணம். ஓர் ஆள் கைவிட்டுப் போனால் அடுத்த ஆளைத் தேடும்.

தலைமுறை தலைமுறையாக உச்சிப் படியில் கொட்டிய மண். இறுகாத மண், மிதித்துப் பரப்பியது. குழந்தைவேலின் தாத்தா காலத்திலும் அது நனைந்திருக்கும், காய்ந்திருக்கும், ஒன்றும் ஆகவில்லை. இப்போது அதற்கு மேலே குளம் இருக்கிறது. சைபர் எடையைப் பார்த்து, பாறை போல உறுதியான சரிவு என்று நினைத்து வெட்டிய குளம். குளத்துக் கசிவால் அந்த மண் இரண்டு வருடமாகக் காயவே இல்லை.

அமலோற்பவத்துக்குச் சொன்னேன்.

பதிவு: "குளத்துக்கு மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கார். சந்தேகம்னு சொன்னா என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. அளந்து சொல்லு. நான் சண்டை போடறேன்."

அக்டோபர் 22, திங்கள். காலை 8.10
எடை: சைபர். இனி இந்த எண்ணைப் பற்றி எழுத மாட்டேன்.

அளந்தேன். மண் நகர்வதைக் காட்ட, என்னை நிறுத்தியபோதே உச்சிப் படியில் நட்ட சாய்வுக் கம்பிகள் மூன்றும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மூன்றாம் படியைத் தாங்கும் கல்கட்டு வயிறு தள்ளியிருக்கிறது. குளத்தைத் திறந்து காலி செய்ய வேண்டும், சாவி அலுவலகத்தில். அமலோற்பவம் உத்தரவு வாங்கிவிட்டார். சாவியோடு கிளம்பிய வண்டி மலைப்பாதையின் பதினோராம் வளைவில் விழுந்து கிடக்கும் பாறைக்கு அந்தப்பக்கம் நிற்கிறது.

ஊருக்கு ஆபத்தில்லை, அது பாறை மேல் இருக்கிறது. ஆபத்து வயலில் நிற்பவர்களுக்கு, அதிலும் அடிவாரத்தில் தொட்டிக்குள் இறங்கி நிற்பவர்களுக்கு. சரிந்தால் எல்லாம் அங்கேதான் போய் விழும். மண் அள்ளப் போகாதீர்கள் என்று சாவடியில் அறிவித்தேன்.

பதிவு, குழந்தைவேல்: "எட்டாஞ் சரிவுக்காரனையும் இப்பிடித்தான் மழ, சரிவுன்னு பயங்காட்டிக் கீழ எறக்குனீக. மூணு நாள் கழிச்சு வந்து பாத்தா வயலச் சுத்திக் கம்பி வேலி. இப்ப எங்கள அள்ளாதேங்குற. அள்ளலைன்னா எடை ஏறும். எடை ஏறுனா ஊரக் காலி பண்ணுவ. நாங்க என்ன கிறுக்குப் பயலுகளா?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். போன வாரம் வரை வழக்கத்துக்காக அள்ளினார்கள். இனி ஊரைக் காப்பாற்றிக்கொள்ள அள்ளுவார்கள்.

அக்டோபர் 23. காலை 9.00
அன்னக்கொடி வந்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு என் காலருகே உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

பதிவு: "நெசமாவே சரியுமா, இல்ல ஆப்பீசுல சொல்லச் சொன்னாகளா?"

நிஜம் என்றேன்.

"நான் நம்புறேன். நீ சந்தேகப்படுவ, பொய் சொல்ல மாட்ட. ஆனா நான் ஒருத்தி அள்ளாம இருந்தா ஊரு என்ன பேசும்? ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுக்கணும், இந்த நாலாம் படிய விட்டா எனக்கு வேற எதுவும் இல்ல."

அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு என்னைச் செய்தவர்கள் வழி வைக்கவில்லை. வேறொரு வழியாகச் செய்தேன்.

அக்டோபர் 25. காலை 6.00
விடிய விடிய மழை. 188 மி.மீ. இன்னும் நிற்கவில்லை. மின்கலம் பாதி. குளம் ததும்புகிறது. பறக்கும் கண் யூகலிப்டஸ் மரத்தில் மோதி விழுந்தது. அதற்கு மாற்று என்னிடம் இல்லை.

காலை 7.25
தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று உண்டு. கோடையிலும் நிற்காது என்பார்கள். இன்று, இந்த மழையில், நின்றுவிட்டது. உள்ளே போகும் தண்ணீர் வெளியே வரவில்லை. சரிவு முழுதையும் வயிற்றில் அடக்கிக்கொண்டு நிற்கிறது.

அலுவலகத்தை அழைத்தேன்.

பதிவு: "...கேக்குதா? பாறைய உடைக்கிறாங்க, சாயங்காலம் ஆகும்... அவங்கள எப்படியாவது... கங்காணி, உனக்கு எது சரின்னு படுதோ..."

தொடர்பு அறுந்தது. அவர் என்னைக் கங்காணி என்று கூப்பிட்டது இதுவே முதல் முறை.

காலை 9.10
மழை நின்றது. வெயில்கூட எட்டிப் பார்க்கிறது. மழை நின்றதே என்று வருந்திய காவல் நிலையம் வேறு இருக்குமா தெரியவில்லை. சாய்வுக் கம்பிகளில் ஒன்று காணவில்லை.

சாவடியில் கூடைகள் எடுத்து வைக்கும் சத்தம். சும்மாடு சுற்றுகிறார்கள். மூன்று முறை அறிவித்தேன். மூன்றாவது முறை யாரோ கம்பத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். காது மட்டும் மங்கலாகக் கேட்கிறது.

மண் இருந்தால் இறங்குவார்கள். மண் இல்லாவிட்டால்?

கழுவிவிடுவதற்காகத் தொட்டிகளுக்கு மதகு உண்டு. அதைத் திறக்கும் அதிகாரம் என்னிடம்.

காலை 9.32
திறந்துவிட்டேன். மூன்றும். ஏழாம் சரிவின் மண் ஓடையில் செங்காவியாகப் போகிறது. எந்தக் குற்றத்தைப் பிடிக்க என்னை இங்கே வைத்தார்களோ, அந்தக் குற்றம்.

மதகைத் திறக்கும்போது மட்டும் எந்த நாளானாலும் எடைத்தட்டு பேசும்; திறப்பதற்கு முன் ஓர் எண்ணைச் சொன்னது. அந்த எண் அலுவலகம் போனால் ஊர் போச்சு. அதை அழித்துவிட்டு சைபர் என்று எழுதியிருக்கிறேன். இந்த மலையின் ஒரே மோசடி இதுதான். செய்தது நான். இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஊர்மேல் பழி போட வேண்டாம்.

காலை 9.50
போதவில்லை. தொட்டி காலி என்று தெரிந்தால் கல்கட்டைச் சரிபார்க்க வயலில் இறங்குவார்கள். ஏற்கெனவே சிலர் ஐந்தாம் படியில் நிற்கிறார்கள். எல்லாரையும் பாறைக்கு வரவைக்க வேண்டும். அன்பாகச் சொல்லி ஆயிற்று. உண்மையைச் சொல்லி ஆயிற்று.

பெரிய ஒலிபெருக்கியில் முழுச் சத்தத்தில் பேசினேன்: "உங்கள் மண்ணை ஓடையில் விட்டது நான்தான். நாளையும் விடுவேன். எடையை ஏற்றி எழுதி ஊரைக் காலி செய்ய வைப்பேன். முடிந்தால் வந்து தடுங்கள்."

ஓடையின் நிறத்தைப் பார்த்துவிட்டார்கள். கூடைகளைக் கீழே எறிகிற சத்தம் சாக்கையும் தாண்டிக் கேட்டது.

பதிவு, குழந்தைவேல்: "எடுங்கடா கடப்பாரைய. ஆம்பள பொம்பள எல்லாரும் வாங்க. இன்னைக்கு அது நிக்கக் கூடாது."

காலை 10.04
வருகிறார்கள். ஐந்தாம் படியில் நின்றவர்களும் ஏறி வருகிறார்கள். கடப்பாரை, மண்வெட்டி, உலக்கை. புதுப்பெண் கையில் கல். இவ்வளவு கோபத்தை இவ்வளவு ஆசையாக நான் எதிர்பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் திட்டினேன். இன்னும் வேகமாக வருகிறார்கள்.

காலை 10.11
சாவடிக் காதில் ஒரு குரல்.

பதிவு: "கங்காணி அப்பிடிச் செய்யாதுண்ணே. கண்ணத் தொடச்சு விட்டா நன்றி சொல்ற சாமான் அது. மழையில என்னமோ கோளாறாப் போச்சு. நான் போயித் தொட்டியப் பாத்துட்டு வாரேன். மதகு ஒடஞ்சிருக்கும், அது பாவம் தன் மேல போட்டுக்கிட்டுப் பேசுது."

அன்னக்கொடி.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. எல்லாருக்கும் என் மேல்தான் கண்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். போகாதே, மேலே வா, நான் திருடன், நான்தான் விட்டேன் என்றேன். நின்று, நிமிர்ந்து பார்த்தாள்.

பதிவு: "பாத்தீகளா, எம் பேரச் சொல்லுது. பயந்து போயிருக்கு."

படியில் இறங்குகிறாள்.

10.17
வந்துவிட்டார்கள். முதல் அடி காலில். இரண்டாவது தகட்டில். மூன்றாம் படிக் கல்கட்டில் வெடிப்பு தெரிகிறது. நான் சொல்கிறேன், பாருங்கள் என்கிறேன். குழந்தைவேல், கீழே பாருங்கள். அன்னக்கொடி கீழே இருக்கிறாள்.

"அந்த வாய மொதல்ல ஒடைங்கடா."

10.19
ஒலிபெருக்கி போயிற்று. கத்துகிறேன், சத்தம் இல்லை.

10.20
இடக்கண் போயிற்று. வலக்கண் இருக்கிறது. ஒருவர் விடாமல் பாறை மேல் இருக்கிறார்கள், என்னை ஒரு நாளும் நம்பாதவர்கள். நம்பியவள் எட்டாம் படி தாண்டிவிட்டாள். நினைத்தது நடந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதவும் என்னைச் செய்தவர்கள் வழி வைக்கவில்லை.

10.22
விளக்கை அணைத்து அணைத்து எரிக்கிறேன். பார்த்துவிட்டாள். தொட்டிக் கரையில் நிற்கிறாள். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறாள். மறுபடி என்னைப் பார்க்கிறாள். கையை ஆட்டுகிறாள், சரிதான், பார்த்துவிட்டேன் என்பது போல.

கையை ஆட்டாதே அன்னக்கொடி. ஓடு.

10.23
பாறை அதிர்கிறது. என் மேல் விழுந்துகொண்டிருந்த அடி நின்றுவிட்டது. எல்லாரும் கீழே திரும்பிவிட்டார்கள். மூன்றாம் படி இல்லை. குழந்தைவேல் கூப்பிடுகிறார். "அன்னக்கொடி, ஓடியாத்தா, மேல ஓடியா." புதுப்பெண் கூப்பிடுகிறாள். எல்லாரும் சேர்ந்து கூப்பிடுகிறார்கள். மண்ணின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை, இன்னும் என் விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

குழந்தைவேல் என் தலையைப் பிடித்து உலுக்குகிறார். "கங்காணி, நீ கூப்புடுய்யா. உன் சத்தம் அடிவாரம் வரைக்கும் கேக்கும். கூப்புடு"